பற்றரி நாடி சாத்திரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். இந்நூல் வழங்கும் எல்லை: வடக்கே ஸ்ரீல்ஸ் அவெனியூ, தெற்கே ஒன்ராறியோ ஏரி, மேற்கே விக்ரோறியா பார்க் வீதி, கிழக்கே றூஜ் ஆறு, இடைப்பட்ட ஸ்காபரோ நிலம். காலம்: டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி ஈறாக. கேட்போர்: அடுக்குமாடிக்குப் பின்னால் திறந்தவெளியில் கார் விடுவோர். கராஜ் உள்ளவர்கள் படிக்கத் தகுதியற்றவர்கள். கராஜ் இருந்தும் அதற்குள் பழைய சோபாவையும் அரிசி மூட்டைகளையும் அடுக்கிவிட்டுக் காரை வெளியே விடுவோருக்கு விலக்கு உண்டு. பயன்: ஆறரை மணி வேலைக்கு ஏழு மணிக்காவது போய்ச் சேர்தல்.

பற்றரி ஓர் உடம்பு என்பதே இந்நூலின் துணிபு. ஈயத் தகடு எலும்பு, கந்தக அமிலம் குருதி. அறைகள் ஆறு, அறை ஒன்றுக்கு 2.1 வோல்ற், மொத்தம் 12.6. பிரான்சின் காஸ்ரன் பிளான்ரே 1859இல் இதைப் படைத்தபோது கார் பிறக்கவில்லை. கார் பிறந்த பிறகும் நெடுநாள் மனிதன் முன்னால் குனிந்து நின்று இரும்புக் கம்பியைச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்பினான். கம்பி திருப்பி அடித்துக் கை முறிந்தவர் பலர். சாள்ஸ் கெற்றறிங் ஆக்கிய மின் ஸ்ரார்ட்டர் 1912இல் கடிலாக் கார்களில் ஏறியது. கைமுறிவு நின்றது, மனமுறிவு தொடங்கியது.

குளிர் இந்த உடம்பை இரண்டு பக்கத்தாலும் நெருக்கும். 27 பாகையில் முழுப் பலத்தோடு நிற்கும் பற்றரிக்குச் சுழியப் பாகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான். மைனஸ் 18இல் ஐந்தில் இரண்டு. அதே நேரத்தில் எஞ்சின் எண்ணெய் பனம்பாணி போலத் தடித்து, சுழற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். சம்பளம் குறைந்த மாதத்தில்தான் சீட்டுக்காரரும் வாசலில் வந்து நிற்பார் அல்லவா, அது.

காற்றுக்குளிர் மைனஸ் 30 என்று வானொலி சொன்னால் பற்றரியும் நடுங்கும் என்பாரும் உளர். அது பொருந்தாது. காற்றுக்குளிர் நம் தோலுக்கு உரிய கணக்கு. காற்று பற்றரியை விரைவாக ஆறவைக்கும். வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே ஓர் இம்மியும் இறக்காது.

சித்த மருத்துவர் நோயறிய எட்டுத் தேர்வு வைத்தார்: நாடி, நா, நிறம், மொழி, விழி, தொடுதல், மலம், மூத்திரம். எட்டும் பற்றரிக்குப் பொருந்தும் என்று காட்டுவோம். பொருந்தாத இடத்தில் பொருத்துவது உரைகாரர் மரபு.

முதலாவது நாடி. கருவி மல்ரிமீற்றர், சிவப்பு ஊசி நேர்முனையில், கறுப்பு எதிர்முனையில். காரை நிறுத்திய கையோடு பார்க்கலாகாது. ஓடி வந்தவனின் நாடியை எந்த வைத்தியரும் நம்புவதில்லை. அப்போதுதான் ஓடிய காரின் தகடுகளில் மேலோட்டமாக ஒரு மின்னேற்றம் தங்கியிருக்கும். அது பவுடர் பூசிய முகம். இரவு முழுவதும் உறங்கவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். பொனற்றைத் திறக்கக் கதவைத் திறந்தால் உள்விளக்கும் கணினிகளும் விழித்துக்கொள்ளும். அவை மறுபடி கண்ணயரும்வரை கால் மாற்றிக் கால் நிற்க வேண்டும். அப்போது 12.6 காட்டினால் நிறைவயிறு, 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால். ஏஜிஎம் எனப்படும் பற்றரிக் குலத்தாருக்கு 0.2 வரை கூட்டிக்கொள்க. எஞ்சின் ஓடும்போது தெரியும் 13.7 முதல் 14.7 வரையான எண்ணை நாடி என்று மயங்கற்க. அது ஒல்ரனேற்றர் ஊட்டும் சோறு.

ஆனால் நாடி பொய் சொல்லும். போன தை மாதம் இந்நூலாசிரியர் முறைப்படி நாடி பார்த்தார், 12.5. கொப்பியில் எழுதியும் வைத்தார். மறுநாள் மைனஸ் 19. சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக். காரணம் பிறகுதான் விளங்கியது. பானை நிறைந்திருக்கிறதா என்பதை மட்டுமே நாடி சொல்லும்; பானை சிரட்டை அளவுக்குச் சுருங்கிப்போனதைச் சொல்லாது. ஆகவே நாடியைப் படுக்கையில் மட்டுமல்ல, பாரம் தூக்கும்போதும் பார்க்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். இதமான 21 பாகையில் எண் 9.6க்குக் கீழே விழக்கூடாது. மைனஸ் 18இல் 8.5 வரை மன்னிக்கலாம். பற்றரியின் நெற்றியில் 'சிசிஏ' என்று எழுதியிருப்பதும் இந்தப் பலம்தான்: மைனஸ் 18இல், 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல், 30 செக்கனுக்கு எத்தனை அம்பியர் தரும் என்ற கணக்கு. புதிதில் எழுதிய எண் அது. கல்யாண அல்பத்தைப் பார்த்து இன்றைய உடம்பை மதிப்பிட வேண்டாம்.

இரண்டாவது மொழி. என்னைக் கேட்டால் எட்டிலும் நம்பத்தக்கது இதுவே. மீற்றரும் வேண்டாம், காது போதும். ஸ்ரார்ட்டரின் ஒலி மூவினம். 'வ்ர்ர்' என்று எடுத்து, வழக்கத்தைவிட அரைச் செக்கன் பிந்தி எஞ்சின் பற்றினால் இடையினம். எவரும் கவனிப்பதில்லை, பாட்டின் ஒலியைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'ங்ஙோ... ங்ஙோ...' என்று இழுத்தால் மெல்லினம். எஞ்சின் இன்றைக்குப் பற்றினாலும் அடுத்த கடுங்குளிருக்கு உறுதியில்லை. 'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் வல்லினம்: சுவிச்சை இழுக்கும் அளவுக்கு மின் உண்டு, மோட்டாரைச் சுழற்ற இல்லை. முனையின் பிடி தளர்ந்தாலும் இதே ஒலி வரும். கையால் அசைத்துப் பார்த்த பிறகே அழவும். ஒலியே எழாவிட்டால் அது ஆய்தம்.

விழி: சில பற்றரிகளின் தலையில் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. பச்சை நலம், கறுப்பு பசி, நிறமற்றுப் போனால் நீர் வற்றியது. ஆனால் அந்தக் கண் ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. ஆறு பிள்ளைகளில் ஒருவன் பாஸ் பண்ணினால் வீட்டில் எல்லோரும் பாஸ் என்று சொல்லலாமா?

மலம்: முனைகளில் பூக்கும் வெள்ளை, நீலப்பச்சைப் பொடி. அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவலாம். மூத்திரம்: அமிலக் கசிவு, கையுறை இன்றி அணுகற்க. தொடுதல்: பக்கச் சுவர் ஊதியிருந்தால் வைத்தியம் இல்லை. நிறம்: ஹெட்லைற்றின் மங்கல். நா: சிறுவயதில் ரோர்ச் பற்றரியை நக்கிப் பார்த்த அனுபவத்தைக் கார் பற்றரியிடம் காட்ட வேண்டாம் என்பதோடு இத்தேர்வு முடிகிறது.

சாவு பலவகை என்றாலும் விரித்துச் சொல்லத்தக்கது உறைவு. நிறைந்த பற்றரியின் அமிலம் மைனஸ் 50இலும் உறையாது. அதற்கு ஸ்காபரோவில் வேலையே இல்லை. வெறுமையான பற்றரியில் அமிலம் நீர்த்துப் பச்சைத் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிடுவதால் மைனஸ் 10 அளவிலேயே உறையும். உறைந்ததற்குக் கேபிள் கொழுவி மின் ஏற்றினால் வெடிக்கக்கூடும். பசித்தவனைத்தான் குளிர் கொல்கிறது. வின்னிப்பெக்கில் கார்களின் மூக்கிலிருந்து மின்வயர் தொங்குவதைப் பார்த்துச் சிரிப்பவர் உண்டு. அது எஞ்சினைச் சூடேற்றும் கருவியின் வால்; எண்ணெய் இளகினால் பற்றரியின் சுமை குறையும்.

இனி நோய்முதல். இதைச் சொன்னவர் நூலாசிரியர் அல்லர். அந்த மைனஸ் 19 காலையில் கேபிளோடு இறங்கி வந்த மூன்றாம் மாடி அண்ணை. சிவப்பை என் பற்றரியின் நேர்முனையில் கொழுவி, மறுநுனியைத் தன் பற்றரியின் நேர்முனையில் வைத்தார். கறுப்பை முதலில் தன் எதிர்முனையில் பிடித்து, மறுநுனியை என் பற்றரிக்கு எட்டத்தில், எஞ்சினின் வெறும் இரும்பில் கடிக்கவிட்டார். பற்றரியிலிருந்து ஐதரசன் வரும், பொறி அதற்குக் கிட்டப் பறக்கக்கூடாது என்றார். பிறகு கையுறையால் பற்றரியின் மூடியைத் தேய்த்தார்.

"தம்பி, இதுக்கு என்ன வயசு?"

"தெரியேல்லை அண்ணை."

தேய்த்த இடத்தில் திகதி தெரிந்தது. ஏழு வருசம்.

"இது ஆடி மாசமே செத்திட்டுது. இண்டைக்குத்தான் மரண அறிவித்தல் வந்திருக்கு."

அவர் சொன்னது சரி. தகடுகளை அரிப்பதும் நீரை வற்றவைப்பதும் கோடை வெயில், பழி குளிருக்கு. வெயில் விட்டுவைத்த எச்சத்தையும் கெடுத்தது என் ஓட்டம்: ரயில் நிலையத்துக்கு இரண்டு கிலோமீற்றர், திரும்ப இரண்டு. ஸ்ரார்ட் செய்ய எடுத்ததையே திருப்பிக் கட்ட அந்தத் தூரம் போதாது. ஹீற்றரும் பின்கண்ணாடிச் சூடும் இருக்கைச் சூடும் வேறு. நிறையாமல் கிடக்கும் தகடுகளில் சல்பேற் படிந்து கல்லாகும்.

எஞ்சின் பற்றியது. "இனி நிப்பாட்டாதை, நேரே கடைக்கு விடு. பழையதைக் குடுத்தா வைப்புக் காசு திருப்பித் தருவினம்," என்று அண்ணையும் ஏறிக்கொண்டார். வழியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் வந்தது. இவ்வளவு உதவி செய்த மனிசனுக்கு ஒரு கோப்பியாவது வாங்கிக் கொடுக்காவிட்டால் எப்படி? வாசலில் நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி என் கையில் இருந்தது.

திரும்ப ஏறிச் சாவியைப் போட்டு முறுக்கினேன். ஆய்தம்.