வண்டிக்கு அடியில் வசிப்பவர்

இங்கிலாந்தின் புறநகர்த் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்துபோனால் இந்தக் காட்சி எங்காவது கண்ணில் படும். வீட்டு வாசலில் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன். அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். பதற வேண்டாம். கால்களுக்கு உரியவர் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். வண்டியும் போன வாரம்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. "இனிமேல் ஒரு சொட்டு ஒழுகாது" என்று மெக்கானிக் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு சொட்டைத்தான் இவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆசாமிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வங்கியிலோ பள்ளியிலோ ஒழுங்காக வேலை பார்த்து, ஒழுங்காகவே வாழ்ந்து அலுத்துப்போனவர். கார்ன்வால் கடற்கரையில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே படுத்து, உள்ளேயே டீ போட்டுக் குடிக்கலாம் என்ற ஆசையில் வாங்கினார். கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று எல்லாம் இருப்பதாக மனைவி சொல்கிறார். இவருக்குப் பழக்கமானது அடிப்பக்கம்.

இவர் உருவானதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950-இல் ஃபோக்ஸ்வேகன் இந்த வேனைத் தயாரிக்கத் தொடங்கியபோது எஞ்சின் பின்னால் இருந்தது. காற்றுதான் அதைக் குளிரவைத்தது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஆகவே கூலன்ட் கசிவும் இல்லை. 1979-இல் மூன்றாம் தலைமுறை வந்தது. ஜெர்மனியில் டி3, அமெரிக்காவில் வனகன், பிரிட்டனில் டி25. 1982-இல் அதில் தண்ணீரால் குளிரும் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார்கள். எஞ்சின் பழையபடி பின்னால். ரேடியேட்டர் மட்டும் முன்னால். நடுவே, வண்டியின் அடி நெடுக, போக ஒரு குழாய், வர ஒரு குழாய். சின்னக் காருக்கு ஐந்தாறு லிட்டர் கூலன்ட் போதும்; இதற்குச் சுமார் 17 லிட்டர். இத்தனை ஹோஸ், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு கிளிப். ஒழுகுவதற்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்தபிறகு, கீழே படுத்துப் பார்க்க ஒரு ஆளும் வேண்டுமல்லவா?

விவகாரம் டாஷ்போர்டில் தொடங்கும். கூலன்ட் குறைந்தால் டெம்பரேச்சர் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். இவர் முதலில் சந்தேகப்படுவது விளக்கை. சென்சார் கோளாறு என்பார். சென்சாரை மாற்றியும் சிமிட்டினால் ஒயரிங் கோளாறு. கூலன்ட் உண்மையாகவே குறைந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் வண்டியின் மின்சார இணைப்பு முழுவதும் புதிதாகியிருக்கும்.

பிறகு அட்டைகள் வரும். பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரவில் வண்டிக்கு அடியில் விரிப்பார். விடிந்ததும் எடுத்து, ஜோசியர் ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்ப்பார். பழுப்புக் கறை எஞ்சின் ஆயில்; அதை அவர் லட்சியம் செய்வதில்லை. நீலக் கறைதான் விஷயம். நிறமே இல்லாத ஈரம் என்றால் மழை, அல்லது பக்கத்து வீட்டு நாய். ஒவ்வோர் அட்டையிலும் தேதி எழுதிக் கராஜில் அடுக்கிவைத்திருக்கிறார். இடம் போதவில்லை என்று மனைவி ஒரு தடவை அந்தக் கட்டைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். தடயத்தை அழித்த அந்தக் குற்றத்தை இவர் இன்னும் மன்னிக்கவில்லை.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்குமென்று நினைப்பவர் இந்தத் துறைக்குப் புதியவர். குழாயின் அடிப்பக்கமாகவே கொஞ்ச தூரம் ஓடிவந்து, தாழ்ந்த இடம் பார்த்துத்தான் கூலன்ட் சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் வாரியடிக்கும். எஞ்சின் சூடாக இருந்தால் விழுமுன்பே ஆவியாகிவிடும். வெள்ளைப் பொருக்கு மட்டும் மிஞ்சும். சூட்டில் எல்லாம் விரிந்து இறுகிக்கொள்வதால் சில இணைப்புகள் ஓட்டத்தில் கப்சிப்பென்று இருந்துவிட்டு, குளிர்ந்து சுருங்கியபின் ஒழுகும். அதாவது ஒர்க்‌ஷாப் மூடிய பிறகு. "எங்களிடம் நின்றபோது ஒழுகவில்லையே" என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை.

ஆகவே விடியற்காலை நாலு மணிக்கு, தூங்கும் உடையில், இவர் வாசலுக்கு வருகிறார். கையில் புற ஊதா டார்ச். அதற்கான சாயத்தைக் கூலன்டில் கலந்துவிட்டால் கசியும் இடம் மட்டும் பச்சையாக ஒளிவிடும் என்பது சாஸ்திரம். ஊற்றும்போது கை நடுங்கிக் கொஞ்சம் சிந்திவிட்டதால் எஞ்சின் முழுக்க ஒளிவிடுகிறது. விரல்கள் ஒளிவிடுகின்றன. உடையின் முன்பக்கம் ஒளிவிடுகிறது. எதிர்வீட்டு அம்மாள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார். புதிதாகக் குடிவந்த சமயத்தில் அவர் போலீசுக்குப் போன் செய்ததுண்டு, இப்போது பழகிவிட்டது.

போன மாதம்தான் வாட்டர் பம்ப் மாற்றினார்களே, பிறகு ஏன் ஒழுகுகிறது? மாற்றியதால்தான். பம்ப் ஒழுகியபோது உள்ளே அழுத்தம் முழுதாக ஏறவில்லை. கிழட்டு ஹோஸ்கள் அந்த அரை வயிற்று அழுத்தத்தில் நிம்மதியாகக் காலம் தள்ளின. புதுப் பம்ப் இறுக்கமாக உட்கார்ந்தது. அழுத்தம் ஏறியது. ஹோஸ்களில் மிக நோஞ்சானாக இருந்தது வாயைத் திறந்தது. அதை மாற்றினால் அடுத்த நோஞ்சானின் முறை. இப்படி ஒவ்வொரு ரிப்பேரும் அடுத்த ரிப்பேருக்கு நாள் குறித்துவிட்டுப் போகிறது. கூலன்ட் தொட்டியின் மூடி சரியில்லையோ என்று அதையும் மாற்றினார். நல்ல மூடி கூடுதலாகத் தாங்குவது சுமார் ஒரு பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. பழைய மூடி தானே கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது புது மூடி போட்டபின் தெரிந்தது.

எதை மாற்றினாலும் கூலன்டை இறக்கி ஏற்ற வேண்டும். ஏற்றினால் உள்ளே காற்று சிக்கும். அதை வெளியேற்றும் நாளில் அந்த வீட்டுப் பக்கம் விருந்தாளிகள் போகக் கூடாது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இவர் முன்புறக் கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டர் உச்சியிலுள்ள திருகைத் திறந்துகொண்டு நிற்பார்.

"இரண்டாயிரம் ஆர்.பி.எம்-மில் பிடி!"

"அதைக் காட்டும் மீட்டரே இந்த வண்டியில் கிடையாதே."

"காதால் கேட்டுப் பிடி!"

"என் காதில் உன் சத்தம்தான் விழுகிறது."

அத்தருணத்தில் திருகிலிருந்து காற்று புஸ்ஸென்று வந்து, பின்னாலேயே கூலன்டும் வந்து இவர் முகத்தில் அடிக்கும். கசிவு எங்கே என்பது தெளிவாகத் தெரியும் ஒரே சந்தர்ப்பம் அது.

முகாமுக்கு வண்டி போய்ச் சேர்ந்த நாட்களும் உண்டு. எதிரே வரும் தன் இன வண்டிக்குக் கையசைப்பது கேம்பர் வேன்காரர்கள் மரபு. கையசைத்துக்கொண்டே எதிர்வண்டியின் அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். நிறுத்தியதும் ஆலோசகர்கள் கூடிவிடுவார்கள். நீலக் கூலன்ட் கட்சி, இளஞ்சிவப்புக் கூலன்ட் கட்சி என்று இரண்டு தரப்பு. தவறிப்போய் இரண்டும் கூட்டணி வைத்தால் பழுப்பாகத் திரிந்து போகலாம் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒரே கருத்து. காற்றால் குளிரும் பழைய வண்டிக்காரர் ஒருவர் டீக் கோப்பையோடு வந்து, "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை" என்று புன்னகைப்பார். அவர் வண்டிக்கு அடியில் ஆயில் குளம் கட்டியிருக்கும்.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். 'ஹெட் கேஸ்கெட்' என்ற சொல்லை மட்டும் எடுக்கக் கூடாது. இந்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டின் விளிம்பு அரித்து, ரப்பர் கேஸ்கெட் வழியே ஒழுகுவது ஊரறிந்த வியாதி. எஞ்சின் புகை கூலன்டுக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு சோதனைத் திரவம் உண்டு: நீலம் மஞ்சளானால் முடிந்தது கதை. இவர் அதை வாங்கிவைத்திருக்கிறார். உறையைப் பிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள், எந்தக் காரணமும் சொல்லாமல், அட்டை காய்ந்து கிடக்கும். வேறொருவராக இருந்தால் மகிழ்ந்திருப்பார். காய்ந்த அட்டைக்கு இரண்டு அர்த்தம்: கசிவு நின்றிருக்கலாம், அல்லது கசிவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கலாம். பின்புற நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள கூலன்ட் பாட்டிலைப் பார்ப்பார். கோடுவரை இருக்கும். அப்படியானால் ஆயிலில் கலக்கிறதோ? டிப்ஸ்டிக்கை உருவுவார். ஆயில் சுத்தமாக இருக்கும். முன்சீட்டுக் கம்பளத்தைத் தடவிப் பார்ப்பார், ஹீட்டரிலிருந்து வருகிறதா என்று. அதுவும் உலர்ந்திருக்கும்.

"அப்படியென்றால் கார்ன்வால் போகலாம்" என்பார் மனைவி.

"இப்போதா?" என்று இவர் திடுக்கிடுவார். "இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு அதைத் தொந்தரவு செய்ய வேண்டும்?"

அந்த வருடமும் மனைவியின் சின்ன ஜப்பானியக் காரில்தான் போகிறார்கள். அதில் எதுவும் ஒழுகுவதில்லை, எதுவும் சிமிட்டுவதில்லை. வழியில் யாரும் கையசைப்பதும் இல்லை. போய்ச் சேரும்வரை பேசுவதற்கு அவருக்கு ஒரு விஷயமும் கிடைப்பதில்லை.