கோட்டின் மேல் மழை பெய்யாது

ரேஷன் அரிசி எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எந்த வழியில் போனால் டீசல் மிச்சம் என்று கணக்குப் போட, 'அன்ன சக்ரா' என்ற மென்பொருளை ஒன்றிய அரசு 2024 டிசம்பர் 5 அன்று அறிமுகப்படுத்தியது. டெல்லி ஐ.ஐ.டி.யும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து செய்தது. 30 மாநிலங்கள், ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள். நல்ல காரியம்தான்.

தேதிதான் விழுப்புரத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். அதற்கு நாலு நாள் முன்புதான் ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டிவிட்டுப் போயிருந்தது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்தில் அபாய அளவைத் தாண்டி வெள்ளம், ரயில்கள் நின்றன. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஆறு.

மென்பொருளின் திரையில் கிடங்கு ஒரு வட்டம், கடை ஒரு புள்ளி, நடுவே கோடு. கோட்டின் மேல் மழை பெய்யாது. அதில் ஓடும் லாரிக்கு லோடுமேன் தேவையில்லை; மூட்டையும் வழியில் இளைக்காது. புள்ளி எப்போதும் திறந்தே இருக்கும். நம்மூர்ப் புள்ளியோ பகுதிநேரக் கடை. மிகக் குறுகிய வழியில் லாரி வந்து சேரும் நாளில் விற்பனையாளர் பக்கத்து ஊர்க் கடையில் கைரேகை வாங்கிக்கொண்டிருப்பார். இங்கே பூட்டு தொங்கும்.

"அரிசி வந்துச்சா தம்பி?"

"லோடு வரலம்மா, நாளைக்கு வாங்க."

இந்த 'நாளைக்கு' எத்தனை கிலோமீட்டர் என்று சக்கரத்திடம் யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.