லாபம், ரெண்டு, மூணு

வங்கியில் 32 வருஷம் கேஷியராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும், பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லித்தருகிறேன் என்று பால்வாடி வாசலில் நானாகப் போய் நின்றேன். 1975 காந்தி ஜெயந்தியன்று அரசு குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்று பெயரும் வைத்தார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் பால்வாடிதான்.

ஒரு டீச்சர், ஒரு ஆயா, பதினாறு பிள்ளைகள். மணிச்சட்டம் ஒன்று இருந்ததாம். மணிகள் மூக்குக்குள் போக ஆரம்பித்ததும் பரண் ஏறிவிட்டது. மிச்சம் ஒரு படி புளியங்கொட்டை. அது மூக்கில் நுழையாது என்று ஆயா உத்தரவாதம் கொடுத்தார்.

ஐந்து கொட்டைகளை வரிசையாக வைத்து, நாலு வயசுக்காரி ஒருத்தியிடம் "எண்ணு பாப்பா" என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"லாபம் இல்லம்மா, ஒண்ணு."

"எங்க தாத்தா லாபம்னுதான் சொல்லுவாரு."

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்கால் லாபம்தான். ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். வட்டி வாங்கிய வாயால் அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

"சரி, மொத்தம் எத்தனை?"

மறுபடி லாபத்திலிருந்து தொட்டாள். "அதான், எத்தனை?" மறுபடியும் லாபம். கணக்கு இடித்த நாட்களில் நானும் கவுன்டரில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது குழந்தைக்குத் தனியாகப் பிடிபட வேண்டிய சங்கதியாம். கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எண்ணக் கற்பதைப் பற்றி 1978-இல் புத்தகமே போட்டிருக்கிறார்கள். ஆயாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "அது வர்றப்ப வரும் சார். தட்டை எடுத்துக் குடுங்க, முட்டை ஆறுது."

தட்டு வைக்கும் வேலையை அதே பாப்பா பிடுங்கிக்கொண்டாள். ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே போய், கடைசிப் பையன் முன்னால் நின்றாள்.

"ஒண்ணு கொறையுது."

"ஏம்மா, இப்ப மட்டும் ஒண்ணுங்கறே?"

"கொறையறது எப்படித் தாத்தா லாபமாகும்?"

அன்று சாயங்காலம் சலவைத் துணி வந்தது. திண்ணையில் உட்கார்ந்து, "லாபம், ரெண்டு, மூணு..." என்று எடுத்து வைத்தேன்.

"என்ன லாபம்?" என்றாள் என் மனைவி. "துண்டு ஒண்ணைக் காணோம்."