மிஷினுக்குள் இருக்கும் மேஸ்திரி
கேள்வி-பதில்

லேத் பட்டறை உரிமையாளர், கோவை: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுகிற விண்டோஸையே சிஎன்சி மிஷினிலும் போட்டுவிட்டால் என்ன?

திரைக்குப் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். டூலை நகர்த்துகிற பொறுப்பை மட்டும் அதன் கையில் கொடுப்பதில்லை. திரையில் வட்டம் சுற்றினால் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவீர்கள். சக்கில் சுற்றும் ஜாப் காத்திருக்குமா? அதற்குத்தான் ஆர்டிஓஎஸ் என்கிற நிகழ்நேர இயங்குதளம். எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தாலும் குறித்த மில்லி செகண்டுக்குள் முடித்தே தீரவேண்டும். ஆயிரம் முறை சீக்கிரம் முடித்து, ஒரே ஒரு முறை தாமதித்தாலும் பெயில்தான்.

பாலிடெக்னிக் மாணவி, திருச்சி: ஆர்டிஓஎஸ் தடுமாறியது உண்டா?

உண்டு, அதுவும் செவ்வாய் கிரகத்தில்! 1997 ஜூலை 4 அன்று இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களிலேயே தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்கிற ஆர்டிஓஎஸ். வானிலைத் தகவல் சேகரிக்கும் கடைநிலை வேலை ஒன்று, பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. அதே பூட்டுக்காக மிக முக்கியமான வேலை ஒன்று காத்து நின்றது. இடையில் நடுத்தர அந்தஸ்துள்ள தகவல்தொடர்பு வேலை புகுந்து கடைநிலையை ஓரங்கட்டியது. சாவி வைத்திருக்கும் பியூனை ஹெட்கிளார்க் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டால், கலெக்டரே ஆனாலும் வாசலில்தான் நிற்கவேண்டும்! கெடு தவறியதும், ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி மொத்தக் கம்ப்யூட்டரும் ரீசெட் ஆனது.

பூமியில் வைத்திருந்த அதே மாதிரிக் கருவியில் கோளாறை மறுபடி வரவழைத்துப் பிடித்தார்கள் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள். சாவி கையில் இருக்கும்வரை பியூனுக்கும் கலெக்டர் அந்தஸ்து தரும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது; அணைத்து வைத்திருந்தார்கள். இங்கிருந்தே கட்டளை அனுப்பி அதை இயக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ரிப்பேர் இதுதான்.

வாசகர், சென்னை: லினக்ஸை நம்பலாமா?

பல வேலைகளுக்கு நம்பலாம். அதை நிகழ்நேரத்துக்குப் பழக்கும் பணி சுமார் 20 வருஷம் நடந்து, 2024-ல் 6.12 பதிப்பில் மூலநிரலோடு சேர்ந்துவிட்டது. ஆனால் சில கிலோபைட் மெமரியே உள்ள சென்சாரில் லினக்ஸ் நுழைய இடமில்லை. அங்கே ஃப்ரீஆர்டிஓஎஸ், ஸெஃபிர் போன்ற ஆர்டிஓஎஸ்கள்தான். இரண்டும் இலவசம்.

உதிரிபாகத் தொழிற்சாலை சூப்பர்வைசர், ஓசூர்: எங்கள் மிஷின் விண்டோஸ் எக்ஸ்பியில் தங்கமாக ஓடுகிறது. ஏன் கைவைக்க வேண்டும்?

கைவைக்காதீர்கள், நெட்வொர்க்கிலும் கோக்காதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில், புதிதாக வந்த ஒரு மிஷினைச் சரியாகச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வானாக்ரை வகை வைரஸ் பரவி உற்பத்தியே நின்றது. புது மிஷினுக்கே அந்தக் கதி! சர்வீஸுக்கு வருகிறவரின் பென் டிரைவைச் சோதிக்காமல் செருக விடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துப் பீரோவில் வையுங்கள். டிஸ்க் போன அன்று அந்தக் காப்பிதான் உங்கள் மிஷின்.

வாசகர், மதுரை: 2038-ல் எல்லாம் நின்றுவிடுமாமே?

எல்லாம் நிற்காது. 1970-லிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் கருவிகளுக்கு மட்டும் 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை தீர்ந்து, தேதி 1901-க்கு ஓடிவிடும். நமக்குக் காலை 8.44 மணி, முதல் ஷிஃப்ட் நேரம். இன்று வாங்கும் மிஷின் அன்றும் உங்கள் ஷெட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் இப்போதே விசாரியுங்கள்.

தொழில்முனைவோர், திருப்பூர்: புது மிஷின் வாங்கும்போது என்ன கேட்பது?

டன், ஹார்ஸ்பவர், விலை எல்லாம் கேட்கிறோம். உள்ளே இருக்கிற ஓஎஸ்ஸுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை முதலில் கேளுங்கள். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். 2016-ல் மிராய் வைரஸ் ஏராளமான கேமராக்களைப் பிடித்தது அந்தப் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 டிசம்பர் முதல், டிஜிட்டல் பொருட்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 5 வருஷம் பாதுகாப்பு ஆதரவு தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அங்கே தருகிறவர் இங்கேயும் தரலாம். வாய்வார்த்தையை நம்பாமல் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.