எழுபதாம் பக்கத்து அண்ணாச்சி

திருநெல்வேலிப் பக்கம் வாசகர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா என்று எழுதுகிறவர்களை வரிசையாக வளர்த்துவிட்ட ஊர். படிக்கிறதற்கும் நாலு பேர் வேண்டுமே. சுடலைமாடன் தெருவில் இருந்த விமர்சகர் தி.க.சி., யாரோ ஒரு புதுப்பையன் எழுதிய கதையைப் படித்த கையோடு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிடுவார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான் நம் அண்ணாச்சியும். தி.க.சி. படித்துவிட்டுச் சொன்னார். அண்ணாச்சிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு புத்தகத்தை அவர் வாசித்துக்கொண்டுதான் இருப்பார். எதையாவது வாசித்து முடித்தார் என்று கேள்விப்பட்டவர் பாளையங்கோட்டை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் எங்கள் வாசகர் வட்டம் நூலக மாடியில் கூடும். கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் இப்போது என்ன வாசிக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எல்லா மாதமும் கம்பராமாயணம் என்பார்; போன வருசம் சுந்தர காண்டத்தில் இருந்தவர் இன்னும் இலங்கையை விட்டுக் கிளம்பவில்லை. வங்கிக்காரர் ஒருவருக்கு லத்தீன் அமெரிக்காவைத் தவிர வேறு கண்டம் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு “ராஜேஷ்குமார்” என்று சொல்லிவிட்டு, “சும்மா, பஸ்ஸுல போகும்போது” என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் அந்த மாதத்தில் ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பது என் சந்தேகம்.

கடைசி முறை அண்ணாச்சியுடையது. அதை அவரே அப்படி அமைத்துக்கொள்வார். தொண்டையைச் செருமி, ஜோல்னாப் பைக்குள் கையை விட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வெளியே எடுப்பார். ஐந்நூறு பக்கத்துக்குக் குறைந்ததை அவர் நாலு பேர் முன்னால் வாசிப்பதில்லை.

“டால்ஸ்டாய்தான் ஓடிட்டு இருக்கு பாத்துக்கிடுங்க. ‘போரும் அமைதியும்.’ டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு. அவரு தென்காசிக்காரரு, நம்ம பக்கம்தான்.”

“எதுவரைக்கும் வந்திருக்கிய அண்ணாச்சி?”

“இதெல்லாம் அவசரத்துல வாசிக்கிற புத்தகமா? ஊறப்போட்டுல்லா வாசிக்கணும்!”

ஊறுவது எழுபதாம் பக்கத்தில். டால்ஸ்டாய் ஆனாலும் தஸ்தயேவ்ஸ்கி ஆனாலும் அந்த இடத்தில்தான் பேருந்துச் சீட்டோ மருந்துக்கடை ரசீதோ செருகியிருக்கும். அட்டையை மூடிப் பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். முதல் எழுபது பக்கத்தின் ஓரம் விரல்பட்டுக் கறுத்திருக்கும், அப்புறம் ஒரு கோடு போட்டாற்போல வெள்ளை. அந்த எழுபதிலும் கதை கொஞ்சம்தான். பதிப்புரை, அணிந்துரை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, என்னுரை, இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை, அச்சேற உதவிய எல்லோருக்கும் நன்றி என்று தமிழ்ப் புத்தகங்கள் வாசலிலேயே ஆளை உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறவை. அண்ணாச்சி அதில் ஒன்றையும் விடமாட்டார். ஆகவே எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவரால் அரைமணி நேரம் பேச முடியும். அந்த அரைமணி நேரத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர்கூட வராது. “தவிர்க்கவே முடியாத படைப்பு” என்பார். அவர் எப்படித் தவிர்த்தார் என்று யாரும் கேட்பதில்லை.

தொடராக வந்தவற்றில் அவர் திறமை தனி. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 தொடங்கி 2020 வரை எழுதப்பட்ட 26 நாவல்கள். முதல் நாவல் ‘முதற்கனல்’, கடைசி நாவல் ‘முதலாவிண்’. அண்ணாச்சி முன்னதை எழுபது பக்கம் வாசித்திருக்கிறார், பின்னதன் அட்டையைப் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் இடையில் கிடக்கிற இருபத்துநாலைப் பற்றிப் பேச்சு வந்தால், “அதை ஒட்டுமொத்தமாத்தான் பாக்கணும்” என்று முடித்துவிடுவார்.

‘பொன்னியின் செல்வன்’ என்றால் இன்னும் சுலபம். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 2022-லும் 2023-லும் படமாக வந்தபிறகு சேர்ந்த கூட்டமும் இருக்கிறது. அந்த ஐந்து பாகத்தையும் படித்தவர் எதிரே வந்துவிட்டால் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “அது கிடக்கட்டும், ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு நினைக்கிய?” கல்கியே முடிச்சை அவிழ்க்காமல் விட்ட இடம் அது. எதிராளி நந்தினியில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பார். டீக்குக் காசும் அவர்தான் கொடுப்பார்.

ஒருமுறை வசமாக மாட்டினார். கூட்டத்தில் ஒரு பையன் ஆசையாக அவர் புத்தகத்தை வாங்கி நடுவில் பிரித்தான். அச்சகத்தில் சரியாக வெட்டுப்படாமல் நாலு பக்கங்கள் மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தி வைத்து அறுத்தால்தான் உள்ளே போக முடியும். அறை அமைதியாகிவிட்டது. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “அந்த இடத்துல ஆசிரியர் ஒரு மௌனத்தை வச்சிருக்காரு பாத்துக்கிடுங்க.”

எழுத்தாளர்களுக்கு அவரைப் பிடிக்கும். ஜனவரியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், மிளகாய் பஜ்ஜியையும் டெல்லி அப்பளத்தையும் தாண்டிப் போய், பத்து சதவீதக் கழிவில் புத்தகம் வாங்கி, எழுதியவரையே தேடிப் பிடித்து, “உங்க நாவலைத்தான் வாசிச்சிட்டு இருக்கேன்” என்பார். எழுத்தாளர் முகம் மலர்ந்துபோகும். மலராமல் என்ன செய்யும்? வாசித்து முடித்தவன் இரண்டாம் பாகம் இழுக்கிறது என்பான், முடிவு ஒட்டவில்லை என்பான், 312-ஆம் பக்கத்தில் செத்தவர் 340-இல் வந்து மோர் கேட்கிறார் என்பான். அண்ணாச்சியிடம் இந்தத் தொந்தரவு ஒன்றும் கிடையாது.

லத்தீன் அமெரிக்க வங்கிக்காரருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அண்ணாச்சியை ஒருநாள் சபையில் நிறுத்திக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்து, கண்டத்தை விட்டு இறங்கி, லீவு போட்டு, ‘போரும் அமைதியும்’ அத்தனை பாகத்தையும் வாசித்துத் தீர்த்தார். தனியாகப் போனால் கூச்சமென்று தமிழாசிரியரையும் இலங்கையிலிருந்து இழுத்துவந்து வாசிக்கவைத்தார். அடுத்த கூட்டத்தில் இரண்டு பேரும் குறிப்பு நோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, கடைசியில நடாஷாவை அப்படிக் கொண்டுபோய் விட்டது சரிதானா?”

அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “ஐயோ, முடிவைச் சொல்லாதிய! நான் இன்னும் அந்த இடத்துக்கு வரல!”

அப்புறம் அவரே ஆர்வம் தாங்காமல், கூட்டம் முடிந்து படியிறங்கும்போது வங்கிக்காரர் தோளில் கைபோட்டு, “பியர் என்ன ஆனான்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார். இரண்டு பேரும் ஜங்ஷன் வரைக்கும் நடந்தே போனார்கள்.

எங்கள் வட்டத்தில் அந்த நாவலை முழுதாக வாசித்தவர்கள் வங்கிக்காரரும் தமிழாசிரியரும்தான், இருவரும் அண்ணாச்சியை மாட்டவைக்க வாசித்தவர்கள். இப்போது அவர் பையில் இருப்பது கவிஞர் புவியரசு மொழிபெயர்த்த ‘கரமசோவ் சகோதரர்கள்’. வங்கிக்காரர் மறுபடி லீவுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அண்ணாச்சி கட்டாயம் இருப்பார். அவரிடம் என்ன வாசிக்கிறீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். முடிவு மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் மதினி அந்தப் புத்தகங்களை எடைக்குப் போடப் பார்ப்பார். முந்திக்கொண்டு போய் வாங்கிவிடுங்கள். எழுபதாம் பக்கத்துக்கு மேல் எல்லாம் புத்தம் புதுசு.