ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் பசிக்கும்?

"அத்தான், ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்களுக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும்?"

சிங்கப்பூரிலிருந்து என் மச்சினன் ஃபோனில் இப்படிக் கேட்டபோது இங்கே புரட்டாசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி என்ன டிபன் என்பதே எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கவில்லை. அந்தக் கேள்வி எட்டு மணிக்கு மேல்தான் சபைக்கு வரும். மாவு இருந்தால் தோசை, தீர்ந்திருந்தால் உப்புமா. உப்புமா என்று தெரிந்த மாத்திரத்தில் பாதிப் பேருக்குப் பசி போய்விடும். இப்படிப்பட்ட குடும்பத்திடம் மூன்றரை மாதம் கழித்து வரும் பசிக்கு மணி கேட்டால் என்ன சொல்வது?

விஷயம் இதுதான். பிள்ளைகளின் அரையாண்டு லீவில் சிங்கப்பூர் போய், மச்சினன் குடும்பத்தோடு கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. மரினா பேயில் வியாழன் மாலை கிளம்பி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திங்கள் காலை திரும்பும் கப்பல். பணம் கட்டியாயிற்று. சாப்பாடும் அதிலேயே அடக்கம். பெரிய சாப்பாட்டுக் கூடம் உண்டு, பஃபே உண்டு, நடுராத்திரியில் பசித்தால் பீட்சா உண்டு. அப்புறம் எதற்கு முன்பதிவு?

"அதெல்லாம் ஃப்ரீ அத்தான். நான் சொல்றது ஸ்பெஷாலிட்டி" என்றான்.

ஸ்பெஷாலிட்டி என்றால் ஸ்டேக் ஹவுஸ், இத்தாலியன், சுஷி, டெப்பன்யாகி. தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். அதன் தலையில் 18 சதவீதம் சேவைக் கட்டணம். நாலாயிரம் பேர் ஏறுகிற கப்பலில் டெப்பன்யாகி மேசைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏறிய பிறகு கேட்டால் விலை கூடும், இடமும் நிச்சயமில்லை. ஆகவே ஆப்பைத் திறந்து இப்போதே துண்டு போட்டுவிட வேண்டும்.

சாப்பாடு இலவசம் என்றதும் பூரித்துப்போன அதே குடும்பம், இடம் கிடைக்காமல் போகலாம் என்றதும் காசு கொடுத்துச் சாப்பிடத் துடித்ததை என் கண்ணால் பார்த்தேன். கப்பல் கம்பெனிக்காரன் நம்மைச் சரியாக எடை போட்டு வைத்திருக்கிறான்.

இதில் பெரிய மனிதர், சின்ன மனிதர் கணக்கும் உண்டு. டிஸ்னி கப்பல்களில் முதல் தடவை வருகிறவருக்குப் பயணத்துக்கு 75 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு, போன தடவைகளைப் பொறுத்து 90, 105, 120 நாள் என்று சலுகை ஏறிக்கொண்டே போகும். நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் அதற்காக நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவன். அந்தக் கப்பல்களில் பெரியவர்களுக்கு மட்டும் என்று பாலோ என்றொரு இத்தாலிய உணவகம் இருக்கிறது. பிள்ளைகளை அறையில் தூங்க வைத்துவிட்டு, வேறொரு நாள் பிள்ளைகள் இல்லாமல் சாப்பிடுவதற்காக விழித்திருந்தானாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஞாயிறு ராத்திரிக்கு ஆப்பில் மிச்சமிருந்த நேரங்கள் இரண்டு: மாலை 5.30, இரவு 9.15. நடுவில் உள்ளதையெல்லாம், தங்கள் பசியைப் பற்றி நம்மைவிடத் தெளிவாக இருப்பவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஐந்தரை மணி என்பது மதுரைக்காரனுக்குச் சாப்பாட்டு நேரமே கிடையாது. டீக்கடையில் வடை எண்ணெயை நியூஸ் பேப்பரில் ஒற்றி எடுக்கிற நேரம். ஒன்பதே காலுக்கோ, அத்தை, அதாவது என் மாமியார், சுகர் மாத்திரை போட்டு, சாப்பிட்டு, சீரியல் பார்த்து, படுத்து, முதல் தூக்கமே முடிந்திருக்கும்.

மாதமும் சரியில்லை. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து மெனு பார்த்தோம். படத்தில் ஆட்டு விலாவைக் கண்ட சகலை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் இறால் என்றார்கள். ஒருவர்கூடப் பாஸ்தா கேட்கவில்லை. சமைத்துப் போடுகிற என் மனைவியே, "எது எடுத்தாலும் பெரிய பீஸா எடுங்க" என்றாள். இதே மெனுவை ஐப்பசி முதல் ஞாயிறு சாப்பிட்டு முடித்துப் பார்த்திருந்தால் பில் பாதியாகக் குறைந்திருக்கும்.

"எல்லாம் சரி. அன்னைக்கு என்ன நாளு?" என்றார் அத்தை.

அத்தை செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி தொடமாட்டார். அமாவாசை, கிருத்திகை எந்தக் கிழமையில் வந்தாலும் தொடமாட்டார். அவர் தொடாத நாளில் அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் தொட முடியாது. ஓடிப்போய்த் தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். டிசம்பர் 31-க்குப் பின்னால் அட்டைதான் இருந்தது. அடுத்த வருஷத்துக் காலண்டர் தீபாவளிக்கு மேல்தான் கடைக்கு வரும்.

"பாம்புப் பஞ்சாங்கத்தை எடுங்க மாப்பிள்ளை. அது பங்குனி வரைக்கும் சொல்லும்."

சொன்னது. ஜனவரி முதல் ஞாயிறு கிருத்திகை. முன்பதிவு விஷயத்தில் கப்பல் கம்பெனிகளுக்கே பாடம் எடுக்கத் தகுதி உள்ளது பாம்புப் பஞ்சாங்கம் ஒன்றுதான். சித்திரை பிறக்கும் முன்பே எல்லாவற்றையும் முடித்து அச்சடித்து விடுகிறார்கள்.

ஞாயிறு போயிற்று. வெள்ளியும் சனியும் தானாகவே போயின. மிச்சம் வியாழன், அதாவது கப்பல் ஏறுகிற நாள். சந்தேகத்தோடு பார்த்த மச்சினன், "அத்தான், ஏழு மணிக்கே இடம் இருக்கு. தள்ளுபடி வேற போட்டிருக்கான்" என்றான். காரணம் உண்டு. ஏறும் நாளில் ஜனங்கள் எதையும் புக் பண்ணுவதில்லை. பெட்டி அறைக்கு வந்து சேர்ந்திருக்காது. எந்த மாடியில் எது என்று தெரியாது. ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்கிற பயிற்சி வேறு; 2012-இல் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்ததிலிருந்து அதைக் கிளம்பும் முன்பே முடித்துவிடச் சொல்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிடும் மனநிலை யாருக்கு இருக்கும்? எங்களுக்கு இருந்தது. டெப்பன்யாகி மேசையில் மொத்தக் குடும்பத்துக்கும் இடம் போட்டான்.

கப்பலில் காசு கொடுத்துத் தனியாகச் சாப்பிடுவது இன்று நேற்று வந்ததில்லை. 1905-இலேயே 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் தனிக் கட்டண உணவகம் நடந்தது. டைட்டானிக்கிலும் ஒன்று இருந்தது. லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்தினார். 1912 ஏப்ரல் 14-ஆம் தேதி ராத்திரி, வைடனர் என்ற பிலடெல்பியா பணக்காரர் குடும்பம் கேப்டன் ஸ்மித்துக்கு விருந்து வைத்தது அந்த உணவகத்தில்தான். அன்று அங்கே மேசை கிடைக்காதவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்று நான் சொல்லப்போக, "நல்ல காரியம் பேசுறப்ப வாயில நல்ல வார்த்தை வராதா?" என்று மனைவி எழுந்து போனாள்.

இலவசக் கூடத்தில் ஒரு காலத்தில் தொல்லையே இல்லை. ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டரை வாக்கில் இன்னொரு பந்தி. தினமும் அதே மேசை, அதே பரிமாறுகிறவர். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம், "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்" என்று அறிவித்தது. மற்றவர்களும் ஏதோ ஒரு வகையில் பின்னால் போனார்கள். சுதந்திரம் வந்தது, வாசலில் வரிசையும் வந்தது. 2014-இல் ராயல் கரீபியன், 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' கப்பலில் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய கூடத்தையே நாலு உணவகமாகப் பிரித்து, இலவசச் சாப்பாட்டுக்கும் முன்பதிவு வைத்தது. ஒவ்வொரு ராத்திரிக்கும் கடையும் மணியும் சொல்லி வைக்க வேண்டும். லீவுக்கு வந்த ஜனங்கள் கடுப்பாகிவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே நிறுவனம் பழைய பந்தி முறைக்குத் திரும்பியது.

நம் ரயில்வேக்கு இந்தப் புத்தி 2024 நவம்பரில் வந்தது. 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலத்தை 60 ஆக்கினார்கள்; ரொம்ப முன்னால் எடுக்கிறவர்களில் நிறையப் பேர் ரத்து செய்கிறார்கள் என்றார்கள். ஊருக்குப் போவோமா என்பதே நாலு மாதம் முன்னால் தெரியாது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட தேசம் இது. இங்கே வந்து இறாலா கோழியா என்று கேட்கிறார்கள்.

வியாழன் வந்தது. டெப்பன்யாகி என்பது ஒரு பெரிய இரும்புக் கல். அதைச் சுற்றி நாம். ஃபிலிப்பைன்ஸ் பையன் ஒருவன் உயரமான தொப்பியோடு வந்து, யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று சிரித்தபடி கேட்டான். கடலை, பால் என்று ஏதாவது சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பான்.

"மாட்டுக்கறி போட்ட கல்லான்னு கேளு" என்றார் அத்தை.

மச்சினன் கேட்டான். பையன் சிரிப்பை நிறுத்தாமல், கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவி பறக்கச் சுரண்டி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் பிரித்து அத்தையிடம் காட்டினான். அத்தை துணியை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னொரு தரம்" என்றார். அதையும் செய்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்திரேலியத் தம்பதி அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அப்புறம் முட்டையைக் கரண்டி நுனியில் சுழற்றினான். தூக்கிப் போட்டுத் தொப்பியில் பிடித்தான். வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி எண்ணெய் விட்டுத் தீ வைத்தான். பிள்ளைகள் கூவினார்கள். "வெங்காயத்தைக் கொளுத்துறதைப் பார்க்கவா புரட்டாசியில சொல்லி வச்சீங்க?" என்று அத்தை என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையிலும் தகட்டுக் கரண்டியை எடுத்துக் கல்லில் தட்டினான் பாருங்கள், நாங்கள் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணை மூடினால் டவுன் ஹால் ரோட்டு கொத்துப் பரோட்டா. கண்ணைத் திறந்தால் முட்டை ஃப்ரைடு ரைஸ். அத்தை இறாலை மென்று பார்த்து, "நல்ல இறால்தான். உப்புதான் பத்தலை" என்றார். டாலரில் பில் வந்தது.

அடுத்த நாள் பினாங்கு கரை தெரியும்போது அத்தை தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தேவகோட்டையிலிருந்து பினாங்கில் கடைக்கு வேலைக்குப் போனவர், ரஜூலாக் கப்பலில் போய் வந்தவர். 1926-இல் கட்டிய ரஜூலா, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு இதே கடலில் ஓடியது. "மேல்தட்டுல பாய விரிச்சு உக்காந்து போனாங்க. எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கன்னு அப்பாவை ஒருத்தரும் கேக்கலை. பசிச்சப்ப மூட்டையைப் பிரிச்சாங்க."

இளசுகள் விடவில்லை. சனிக்கிழமை புக்கெட்டிலிருந்து திரும்பி, தங்களுக்குள் சுஷி புக் பண்ணியிருந்தார்கள், ஆறரை மணிக்கு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. இவர்கள் ஃபோன் புக்கெட் கோபுரத்தைப் பிடித்துத் தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருந்தது. சரியாக ஆறரைக்குப் போய் நின்றார்கள், கப்பலுக்கு ஏழரை. மேசை போயிருந்தது. ஒரு நாள் முன்னதாக ரத்து செய்யாததால் பணமும் போயிருந்தது. எங்களிடம் வந்து பருப்பு சாப்பிட்டார்கள்.

பருப்பு கிடைத்தது இலவசக் கூடத்தில். வெள்ளிக்கிழமை அங்கே போனபோது, தலைமைப் பரிமாறுநர் ஒரு மலையாளி, அத்தையின் நெற்றி விபூதியைப் பார்த்ததுமே பக்கத்தில் வந்துவிட்டார். "அம்மா, இந்தியன் வெஜ் வேணுமெங்கில் நாளைக்கு என்ன வேணும்னு இன்னைக்கு ராத்திரியே சொல்லணும், அத்ரதான்." மெனுவில் இல்லாததெல்லாம் அடுக்களையில் இருந்தது. சப்பாத்தி, பருப்பு, கத்திரிக்காய் என்று வந்துகொண்டே இருந்தது, தனிக் கட்டணம் இல்லாமல். அத்தை ரசம் கேட்டார். மறுநாள் வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது ரசமில்லை. ஆனா சூடா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். கிருத்திகை ஞாயிறும் அங்கேயே நல்லபடியாகக் கழிந்தது.

நாளைய இட்லிக்கு இன்று மாவு ஆட்டி வைக்கிற குடும்பத்துக்கு ஒரு நாள் முன்பதிவு சரிப்படும். அதற்கு மேல் தாங்காது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காசு கொடுத்துச் சாப்பிட ஆசையிருந்தால் ஏறும் நாள் ராத்திரிக்கு ஒன்று போட்டுவையுங்கள். மலிவு, இடமும் இருக்கும். ஆப்பில் இடமில்லை என்றால் கலங்காதீர்கள், ஏறிய கையோடு அந்த உணவக வாசலில் போய்க் கேளுங்கள், யாராவது ரத்து செய்திருப்பார்கள். சைவமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஃபோனில் தானாக மணி மாறுவதை அணைத்து வையுங்கள். புரட்டாசி முடிகிறவரைக்கும் மெனு பக்கமே போகாதீர்கள்.