மஞ்சள் பலகை மகாத்மியம்

பிரியென்ஸ்,
சுவிட்சர்லாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் உங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். பாறை சரியப்போகிறது என்று 2023 மே மாதம் ஊரையே காலி செய்யச் சொன்னார்களே, செய்தியில் வந்த அந்த பிரியென்ஸ் வேறு. அது கிழக்கே கிராவுபுண்டன் மாநிலத்தில் இருக்கிறது. நான் இருப்பது பெர்ன் மாநிலத்து பிரியென்ஸ், ஏரிக்கரை ஊர். இங்கும் மலை ஒன்றும் பரம சாது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறதாமே, மேலே எந்தச் சாமி?' என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே சாமி இல்லை மாமா, சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே சூப் குடித்துவிட்டு, விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இறங்கி வந்துவிடுவார்கள். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசிக்க இதில் விஷயம் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்துக்காரரான உங்களுக்கு மலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆகவே மலையின் அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. அந்த வேலையை நம் சினிமாப் பாட்டுக்காரர்கள் பனியில் நடுங்கிக்கொண்டே செய்து முடித்துவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி காலையில் காபி குடித்துவிட்டுத் தனியாகப் புறப்படுகிறாள். யாரிடமும் வழி கேட்பதில்லை, எந்த ஆபீசிலும் அனுமதி வாங்குவதில்லை. ஒரு மலையைச் சுற்றிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிறாள். இதை நடத்திக் கொடுப்பது அவள் கால் பாதி, ஏற்பாடு பாதி. ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று நாம் எழுதும் பட்டியலில் இந்த நாட்டுக்காரர்கள் மலைப்பாதையையும் சேர்த்திருக்கிறார்கள். ஒருநாள் மலைநடை இங்கே வீரமும் இல்லை, பணக்காரப் பொழுதுபோக்கும் இல்லை, ஒரு பொதுச் சேவை. இதுதான் என் கட்சி.

இடத்தைக் கொஞ்சம் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏரி 14 கிலோமீட்டர் நீளம், ஆழம் 260 மீட்டர். பனியாறுகள் அரைத்த பாறைத்தூளை ஆர ஆறும் லூட்சினே ஆறும் கொண்டுவந்து கலப்பதால், தண்ணீர் யாரோ நீலச்சாயம் கரைத்துவிட்டதுபோல் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 564 மீட்டரில் ஏரி. அதன் வடகரையில் பிரியென்ஸ். ஊரின் முதுகில் நேராக 2,350 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது ரோட்ஹோர்ன் சிகரம். அதற்கு 1892இல் திறந்த ஒரு நீராவிப் பல்சக்கர ரயில் ஓடுகிறது. உங்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ரோமன் அப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியரின் பல்சட்ட முறைதான் இங்கும், நம் நீலகிரி ரயிலிலும். நம் பழைய எஞ்சின்கள் செய்யப்பட்டதும் இதே நாட்டு விண்டர்தூர் தொழிற்சாலையில்தான். நம் ரயில் குன்னூரை எட்டியது 1899இல். ஆகவே இது ஏழு வயது மூத்த அண்ணன். நம்முடையது பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறினால், இந்த அண்ணன் நான்கு அடிக்கு ஓர் அடி ஏறுகிறார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இனி என் முதல் சாட்சி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கம்பத்தில் மஞ்சள் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு நேரம். கிலோமீட்டர் கிடையாது. நம் பக்கம் வழி கேட்டால் 'இதோ, கிட்டத்தான்' என்பார்கள். அந்தக் கிட்டம் கால் மணியாகவும் இருக்கும், கால் நாளாகவும் இருக்கும். இந்தப் பலகையோ 2 மணி 15 நிமிடம் என்று எழுத்தில் வாக்குக் கொடுக்கிறது. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கிறவரை அளவாக வைத்து, ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட நேரம் அது. அந்தக் கற்பனை மனிதர் வழியில் உட்காரமாட்டார், போட்டோ எடுக்கமாட்டார், மனைவியோடு சண்டை போடமாட்டார். ஓய்வு என்பதே அந்தக் கணக்கில் இல்லை. புளிசாதப் பொட்டலத்தோடு புறப்படும் தமிழ்க் குடும்பம் பலகையில் போட்டதோடு பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாதையின் தரத்தையும் நிறத்தால் சொல்லிவிடுகிறார்கள். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம். பாறையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் (கோயில் மதில் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்) அது மலைப்பாதை, கால் ஊன்றத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு பிடிக்கவும் பனியாறு தாண்டவும் தெரிந்தவர்களுக்கு மட்டும். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பட்டையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

இப்படிக் குறியிட்ட பாதைகள் நாடு முழுக்க 65,000 கிலோமீட்டருக்கு மேல். இந்திய ரயில்வேயின் வழித்தட நீளமே ஏறத்தாழ 69,000தான். இந்த நாடோ தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இது தானாக முளைக்கவில்லை. 1930களில் மோட்டார் வண்டிகள் கணவாய்ச் சாலைகளைப் பிடித்துக்கொண்டபோது, நடப்பவனுக்குத் தனி வழி வேண்டும் என்று கிளம்பியவர் யோஹான் யாக்கோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர். 1934இல் சங்கம் அமைத்தார்கள், பலகைக்கு மஞ்சள் நிறம் என்று முடிவானது. பிறகு இந்த ஊர் வழக்கப்படி விஷயம் ஓட்டெடுப்புக்குப் போனது. 1979 பிப்ரவரியில், நடைபாதைகளையும் மலைப்பாதைகளையும் அரசியல் சட்டத்திலேயே எழுதலாமா என்று கேட்டதற்கு, ஓட்டுப் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஆம் என்றார்கள். 1985இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: இருக்கும் மலைப்பாதையை யாராவது எடுத்துவிட்டாலோ துண்டித்துவிட்டாலோ, மாற்றுப்பாதை தர வேண்டும். நீண்ட தூரத்துக்கு நடப்பவருக்கு ஒவ்வாத தளம் போட்டாலும் அப்படியே. நம் பக்கம் தார் ரோடு வந்தால் எம்.எல்.ஏ.வுக்கு மாலை போடுகிறோம். இங்கே நடைபாதையில் தார் கொட்டினால் அது இழப்பு, ஈடு செய்ய வேண்டும்! இதற்கும் முந்தியது 1912இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்தின் 699ஆம் பிரிவு. காடும் மேய்ச்சல் நிலமும் தனியார் பட்டாவாக இருந்தாலும், ஊர் வழக்கப்படி எவரும் உள்ளே போகலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம் என்கிறது அது. மாட்டு வேலியைத் திறந்துகொண்டு போகலாம். திரும்ப மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே.

பலகையும் சட்டமும் மட்டும் இருந்தால் போதாது, நடந்து முடித்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். தென்கரையில் இசெல்ட்வால்ட் என்ற சிற்றூரிலிருந்து கீஸ்பாக் அருவி வரை ஏரியோரமாக ஏறத்தாழ ஒன்றரை மணி நடை. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. அருவிக்குக் கீழே படகுத்துறை, படகில் பிரியென்ஸ் வந்துவிடலாம். துறையிலிருந்து மேலே ஏற 1879இல் போட்ட கயிற்று ரயில் இன்னமும் ஓடுகிறது. அருவிக்கு எதிரே இருக்கும் பழைய மாளிகை ஓட்டலை இடித்துவிட்டு நவீனக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது, ஃபிரான்ஸ் வேபர் என்ற சூழலியலாளர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 1983இல் அறக்கட்டளை வழியாக அதை வாங்கிக் காப்பாற்றினார். இன்னொரு பக்கம், தபால் பேருந்தில் அக்சால்ப்புக்கு ஏறினால், மரச்சிற்பங்கள் வரிசையாக நிற்கும் பாதை ஒன்று ஹின்டர்புர்க் என்ற சிறு மலையேரிக்குக் கொண்டுபோகிறது. பிரியென்ஸ் மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர்; 1884 முதல் அதற்கென்றே பள்ளி இருக்கிறது. (அமைதி தேடி அக்டோபரில் அக்சால்ப் வருகிறவர்கள் ஜாக்கிரதை. சுவிஸ் விமானப்படை வழக்கமாக அந்த மாதத்தில்தான் அங்கே போர் விமானங்களை வைத்துச் சுட்டுக் காட்டும். நடுநிலை நாட்டின் தீபாவளி.) இசெல்ட்வால்ட்டில் வேறொரு கூத்தும் உண்டு. கொரியத் தொடர் ஒன்றில் கதாநாயகன் பியானோ வாசித்த படகுத்துறை அங்கே இருப்பதால், படம் எடுக்கக் கூட்டம் குவிந்தது. ஊராட்சி ஒரு சுழல்கதவை வைத்து ஐந்து பிராங்க் வசூலிக்கத் தொடங்கியது. துறையில் நிற்கக் காசு, பக்கத்தில் தொடங்கும் பாதையில் நடக்க இலவசம். ஆனால் கூட்டம் காசு கொடுக்கிற இடத்தில்தான்.

இதற்கெல்லாம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'பணக்கார நாடு, செய்கிறான்.' பாதி ஒப்புக்கொள்கிறேன். மலை உச்சிக்கும் மணி தவறாமல் பேருந்து விடக் காசு வேண்டும். ரோட்ஹோர்ன் ரயில் டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் நடந்தே ஏறத் தோன்றும். ஆனால் மலைப்பாதையைக் கவனியுங்கள்: தகரப் பலகை, பெயிண்ட், மண்வெட்டி. பராமரிப்பு மாநிலத்தின், ஊராட்சியின் பொறுப்பு. ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் பலகை துடைத்துப் பட்டை அடிக்கிறார்கள். தொடங்கிய 1934ஓ உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். பணம் வந்த பிறகு பாதை வந்தது என்று கணக்கு எழுத முடியாது.

அடுத்து, 'அவன் மலையில் யானை உண்டா?' என்பீர்கள். இந்தக் கேள்விக்கு நான் பணிகிறேன். நம் ஊர்ப் பக்கத்துக் கல்லாறு காட்டில் மஞ்சள் பலகை நட்டுவிட்டு, எழுபது வயது அத்தையைத் தனியாக அனுப்ப முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிர் போன பிறகு நம் அரசு விதிமுறை வகுத்ததும், 2024இல் வழிகாட்டியோடும் முன்பதிவோடும் மலையேற்றப் பாதைகளைத் திறந்ததும் நம் காட்டுக்கு ஏற்ற வழிதான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இவர்களுடைய மலை சாது, கடவுள் கொடுத்த வரம் என்று மட்டும் எண்ணாதீர்கள். 2005 ஆகஸ்டில் இதே பிரியென்ஸில் ஓடை ஒன்று சேறும் கல்லுமாக இறங்கி வீடுகளை அடித்துப்போனது. இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் பக்கத்து ஓடை அதையே செய்தது. ரயில் நிலையம் கற்குவியலுக்குள் கிடந்தது. மலை சொன்னபடி கேட்பதில்லை என்று தெரிந்துதான் பாதையை மூடும் பலகையும், மாற்றுவழிப் பலகையும், 1952இல் தொடங்கிய ரேகா என்ற ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பும், அதைக் கூப்பிட 1414 என்ற எண்ணும் வைத்திருக்கிறார்கள். யானை இல்லாத குறைக்குக் கன்று போட்ட பசு இருக்கிறது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதே என்று அதற்கும் ஒரு பலகை!

உங்கள் வீட்டுச் சின்னவன் வேறொன்று கேட்பான்: எல்லாம் எழுதி வைத்துவிட்டால் சாகசம் எங்கே? வேண்டுமானால் இன்டர்லாக்கனுக்கு மேலே ஹார்டரிலிருந்து ரோட்ஹோர்ன் வரை ஒரு மலைமுகடு இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான புல்சரிவு. மழை பெய்தால் சறுக்கும். அங்கே விழுந்து செத்தவர்கள் உண்டு. சாகசத்தை யாரும் ஒழித்துவிடவில்லை, அதை விரும்பாதவர்களுக்கும் மலையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலையைத் தடியூன்றி ஏறுகிற நம் ஜனங்களுக்கு நடக்கத் தெரியாது என்று எந்த வெள்ளைக்காரனும் சொல்ல முடியாது. ஆனால் நாம் வருடத்தில் சில மாதம், வேண்டுதலுக்காக ஏறுகிறோம். வேண்டுதல் எதுவும் இல்லாதவன், சும்மா காற்று வாங்க ஏற விரும்புகிறவன், அவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. காடு கிடக்கட்டும், யானை வராத ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலுமாவது ஒரு பலகை நடலாமே, அடுத்த ஊர் எத்தனை மணி நடை என்று?

வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வாருங்கள். ரோட்ஹோர்ன் ரயில் குளிர்காலத்தில் ஓடாது. குடை வேண்டாம், மழைக்கோட்டு வேண்டும். செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் ஷூ வேண்டும். முதல் நாளுக்கு இசெல்ட்வால்ட் ஏரிக்கரையே போதும். ரோட்ஹோர்னுக்கு ரயிலில் ஏறிவிட்டு ஊர் வரை நடந்தே இறங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது மேல் ரயில் நிலையத்திலிருந்து 1,678 மீட்டர் இறக்கம், முழங்காலைத் தின்றுவிடும். நடுவழியில் பிளானால்ப் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. அதுவரை நடந்துவிட்டு அங்கே ரயிலைப் பிடியுங்கள். எதற்கும் கிளம்புமுன் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்